கேமராவுக்குக் காமாலை

மருத்துவமனையின் தொலைபேசிப் பலகையில் வேலை பார்த்த அந்த அம்மாளுக்கு டாக்டர்கள் வைத்த பெயர் தேன்டப்பா. குரல் அப்படி. எந்தப் பொய்யைச் சொன்னாலும் கேட்கிறவருக்கு இனித்துக்கொண்டே இறங்கும். பெரிய டாக்டர் தன் அறையில் காலை நீட்டிக்கொண்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், கொஞ்சம் நேரமாகும் என்று தேன்டப்பா போனில் சொல்வார். எதிர்முனையில் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். ஒருமுறை பெரிய டாக்டரின் மனைவியிடமே அப்படிச் சொன்னபோது, "பாவம், ஏதாவது சாப்பிட்டாரான்னு மட்டும் கேளுங்க" என்று மனைவி உருகிப்போனாராம். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வேலை பார்த்த காலமெல்லாம் தேன்டப்பா உட்கார்ந்திருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரின் நிறத்துக்குப் பெயரும் கிடையாது. ஆறிப்போன பாலுக்கும் பழைய பேண்டேஜுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஓய்வு பெற்று, பிரிவு விழா மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், இங்கேயும் சுவர் அதே நிறம். அழுக்குத் தெரியாது என்று மறைந்த கணவர் தேடிப்பிடித்து அடித்தது. அழுக்கும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை.

பெயிண்டரைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. ஆயுசு முழுக்க அடுத்தவர்கள் பேசுவதற்கு லைன் போட்டுக் கொடுத்தாயிற்று, இதையாவது நானே செய்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார். கடைக்குப் போய் மஞ்சள், பச்சை, நீலம் என்று டப்பாக்களை வாங்கி வந்தார். கூடவே ஓர் ஏணி. முதல் நாள், டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கை எட்டாத மூலை ஒன்று வந்தது. ஏணியை நகர்த்த வேண்டிய இடத்தில் தேன்டப்பா உடம்பை நகர்த்தினார். மணிக்கட்டில் விரிசல்.

மகள் அடுத்த விமானத்தில் வந்து இறங்கினாள். அவள் வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. யாராவது நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டினாலே விசாரணை வைக்கிறவள். அம்மாவின் கைக்கட்டைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள், ஏணியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பெயிண்ட் டப்பாக்கள் எங்கே என்று கேட்டாள். திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார் தேன்டப்பா. குரல் தேனாக இருந்தது. டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

மகள் ஊருக்குத் திரும்புவதற்குள் குளியலறையில் ரப்பர் பாய் வந்தது, வாசற்படியில் மஞ்சளும் கறுப்புமாக எச்சரிக்கை டேப் வந்தது, கடைசியாக ஹாலிலும் சமையலறையிலும் வாசலிலும் கேமராக்கள் வந்தன. படுக்கையறையை மட்டும் அம்மாவின் மானத்துக்காக விட்டுவைத்தாள். இந்தக் கேமராக்களுக்கெல்லாம் தலைமை, சோப்புப் பெட்டி அளவில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டி. அதை ஹப் என்றாள் மகள். கேமராக்கள் பார்ப்பதை ஹப்பிடம் சொல்லும். ஹப் அதை வைஃபை ரவுட்டரிடம் சொல்லும். அங்கிருந்து படம் கடல் தாண்டி மகளின் போனுக்குப் போகும். ஹப்பில் நீல விளக்கு எரிந்தால் எல்லாம் நலம். சிவப்பு எரிந்தால் தொடர்பு அறுந்துவிட்டது.

கேமராக்களுக்குக் கண் மட்டுமல்ல, வாயும் இருந்தது. அதுதான் வினை.

"அம்மா, ஸ்டூல்ல ஏறாத" என்று உத்தரத்திலிருந்து குரல் வரும். குனியாமல் எடு, ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடாதே, அந்தச் செருப்பு வழுக்கும். ஒருநாள் குழாய் ரிப்பேர்காரர் சிங்க்குக்கு அடியில் படுத்திருந்தபோது, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலை செய்யக் கூடாது என்று மேலிருந்து ஓர் அசரீரி கேட்க, அவர் நிமிர்ந்து தலையை இடித்துக்கொண்டார். இத்தனை காலம் முகம் தெரியாத குரலாக இருந்து ஊரையே ஆட்டிவைத்தவர் தேன்டப்பா. இப்போது வேறொரு முகம் தெரியாத குரல் அவரை ஆட்டிவைத்தது. அந்த வேதனை அவருக்குத்தான் தெரியும்.

கட்டுப் பிரித்துக் கை சரியான சமயத்தில், ஒரு முற்பகல், ஹப்பில் சிவப்பு எரிந்தது.

மகள் போனில் அழைத்தாள். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகச் சொன்னாள். ரவுட்டரை அணைத்து, கொஞ்ச நேரம் பொறுத்துப் போடச் சொன்னாள். பெட்டியின் முதுகில் ஓர் ஊசித் துளை இருக்கும், அதில் குண்டூசியால் அழுத்திப் பிடி என்றாள். தேன்டப்பா எல்லாவற்றையும் நேர்மையாகச் செய்தார். அந்தச் சமயத்தில் ஏமாற்றும் எண்ணமே அவருக்கு இல்லை. நீலம் வந்தது. மகள் பெருமூச்சு விட்டுப் போனை வைத்ததும் மறுபடி சிவப்பு. இப்படியே நாள் முழுக்க வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியில், ஆள் அனுப்பச் சொல்கிறேன், அதுவரை எதிலும் ஏறாமல் இரு என்றாள் மகள்.

வீட்டில் சத்தமில்லை. தேன்டப்பா ஸ்டூலைப் பார்த்தார். ஏறினார். உத்தரம் வாயைத் திறக்கவில்லை. இறங்கினார், இன்னொரு தடவை ஏறினார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், ஏணி உங்களுக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று ஆரம்பித்தார். அது உண்மையிலேயே இடைஞ்சலாகத்தான் இருந்தது. ஆள் வருவதற்குள் ஏணி படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

வந்த ஆள் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பை, காதோரம் பென்சில். சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வருகிறவள் போன்ற முகம். வந்ததும் ஹப்பைத் தேடினாள். அது டிவிக்குப் பின்னால், ரவுட்டருக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது. அழகாக இல்லை என்று தேன்டப்பாதான் அங்கே தள்ளிவைத்திருந்தார். மெக்கானிக் போனில் ரவுட்டரின் உள்ளே போய்ப் பார்த்தாள். அதில் இரண்டு அலைகள் ஒரே பெயரில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வேகமானது, கொஞ்ச தூரம்தான் போகும். மற்றொன்று மெதுவானது, சுவர் தாண்டிப் போகும். ஹப்புக்கு மெதுவானதுதான் பிடிக்கும். ரவுட்டர் அதை வேகமானதன் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. அவள் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, மெதுவானதில் ஹப்பைச் சேர்த்தாள். அதைப் பீரோவிடமிருந்து பிரித்து, ஹால் நடுவில் ஒரு மர மேசையில் உட்காரவைத்தாள்.

"இரும்பு, ஸ்டீல் பக்கத்துல மட்டும் வச்சிடாதீங்கம்மா" என்றாள். "அது சிக்னலை முழுங்கிடும்."

"அப்படியா. நல்லவேளை சொன்னம்மா" என்றார் தேன்டப்பா.

மெக்கானிக் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, படுக்கையறைக் கதவின் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஏணியின் தலையை ஒரு பார்வை பார்த்தாள்.

தேன்டப்பாவின் சமையலறையில் ஓர் எவர்சில்வர் அண்டா இருந்தது. என்றோ நிறையப் பேருக்குச் சமைக்க வேண்டிவரும் என்று வாங்கியது. அந்த நிறையப் பேர் வரவே இல்லை. மறுநாள் அவர் அதைத் தூக்கி வந்து ஹப்பின் மேல் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் மகளின் போன் வந்தது. சிவப்பா என்று கேட்டாள். அண்டாவை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆமாம், சிவப்பு என்றார். அதில் பொய்யே இல்லை. வெயில் அதிகமாக இருக்கிறது, அதுவும் களைத்திருக்கும், சாயங்காலம் தானாக வந்துவிடும் என்று ஆறுதலும் சொன்னார்.

சாயங்காலம் தானாக வந்தது. அதற்குள் சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவர் கீழிருந்து மேல் வரை மஞ்சள். நல்ல, கூசாத, வாயைத் திறந்து சிரிக்கிற மஞ்சள். ஏணியில் ஏறி, இறங்கி, இந்த முறை ஒழுங்காக ஏணியை நகர்த்தி அடித்திருந்தார். ஓர் அடி தள்ளி நின்று பார்த்தார், இன்னும் ஓர் அடி தள்ளிப் போய்ப் பார்த்தார். அந்த நிறத்தைக் கேமராவும் பார்க்கும் என்பது, அண்டாவை எடுத்து, நீல விளக்கு எரிந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

உத்தரத்திலிருந்து குரல் வந்தது. "அம்மா, ஹால் சுவர் ஏன் மஞ்சளா இருக்கு?"

தேன்டப்பா திரும்பிச் சுவரைப் பார்த்தார். நிதானமாக, டாக்டர் தியேட்டரில் இருக்கிறார் என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். "மஞ்சளாவா? இங்க எப்பவும் போலத்தானே இருக்கு. கேமராவுக்குக் காமாலை வந்திருக்கும்."

ஆளை வரச் சொல்கிறேன் என்றாள் மகள்.

மெக்கானிக் வந்தாள். சுவரைப் பார்த்தாள். பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. தேன்டப்பாவின் முழங்கையில் மஞ்சள் பொட்டு ஒன்று காய்ந்திருந்தது. மகள் ஸ்பீக்கரில் இருந்தாள். நிறம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க மெக்கானிக் வழக்கப்படி ஒரு வெள்ளைத் தாளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள்.

"பேப்பர் வெள்ளையா இருக்கு. சுவர்தான் மஞ்சளா இருக்கு" என்றது போன்.

"பேப்பர் கிட்ட இருக்கு, சுவர் தூரமா இருக்கு" என்று தேன்டப்பா குறுக்கே விழுந்தார்.

மெக்கானிக், ஒரு நிமிடம் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனை ஊமையாக்கினாள். தேன்டப்பாவைச் சமையலறைக்கு அழைத்துப் போகலாமா என்று யோசித்தாள்; அங்கேயும் கேமரா இருந்தது. படுக்கையறைக்கு அழைத்துப் போனாள்.

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா."

"நீ ஏம்மா சொல்ற? அதுக்குத்தான் நான் இருக்கேனே. நீ சும்மா இருந்தா போதும்."

"ஏணியை யாரு பிடிச்சது?"

"சுவரு பிடிச்சுது."

மெக்கானிக் ஏணியைச் சாய்த்து அடியில் பார்த்தாள். ஒரு காலில் ரப்பரே இல்லை. அவள் முகம் மாறியது. இதில் ஏறி நின்றா அடித்தீர்கள் என்று கேட்டாள். தேன்டப்பா முதல் தடவையாகக் குரலைத் தேடினார். ஜன்னல் இல்லாத அறையைப் பற்றிச் சொன்னார். சுவரின் நிறத்தைச் சொன்னார். கண்ணை மூடுவதற்குள் ஒரு சுவராவது நம் கையால் நிறமாக வேண்டாமா என்றார். அதில் தேன் இல்லை. சாதாரணமான, கொஞ்சம் கரகரத்த குரலாக இருந்தது.

மெக்கானிக் பென்சிலை எடுத்துத் திரும்பக் காதில் செருகினாள். இனிமேல் நான் இல்லாமல் ஏணியில் கால் வைக்கக் கூடாது, அதற்குச் சம்மதமென்றால் பார்க்கலாம் என்றாள். சம்மதம். ஹாலுக்குத் திரும்பி வந்து, போனில் ஏதோ மாற்றினாள். இருட்டில் பார்ப்பதற்கென்று கேமராவில் ஒரு முறை உண்டு. எல்லாக் கேமராக்களையும் பகலிலும் அந்த முறையிலேயே நிறுத்தினாள். பிறகு ஊமையை நீக்கினாள்.

"மேடம், கறுப்பு வெள்ளையில போட்டிருக்கேன். இனிமே மஞ்சள் தெரியாது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. தேன்டப்பா அவளை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். தன் தொலைபேசிப் பலகைக்கு இவளை முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு மெக்கானிக்கின் விடுமுறை நாட்களில் அந்த வீட்டு ஹப் தவறாமல் படுத்துக்கொண்டது. முதல் வாரம் அவள் ஏணியை மட்டும் பிடித்தாள். இரண்டாவது வாரம், கீழே சும்மா நிற்பதற்கு இந்த ஓரத்தை முடிக்கிறேனே என்று ரோலரை எடுத்தாள். அதற்கடுத்த வாரம் தன் வீட்டிலிருந்து பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டாள். சமையலறை கிளிப்பச்சை ஆனது. வாசல் கதவுக்கு உள்பக்கம் நீலம். மகளின் அறைக்கு என்ன நிறம் என்பதில் இருவருக்கும் பெரிய சண்டை. கத்தரிப்பூ நிறம் என்றாள் மெக்கானிக். அந்த நிறத்தில் தூங்கினால் பிள்ளைக்குக் கனவு கண்டபடி வரும் என்றார் தேன்டப்பா. லாரி ஓட்டும் தன் புருஷன் வீட்டில் இருப்பதே அபூர்வம், அதனால் சண்டை போட ஆள் கிடைப்பதே சந்தோஷம் என்று மெக்கானிக் சொல்லி, சிரித்தும் விட்டாள். பூட்டிவைத்த சிரிப்பு என்பதால் சத்தம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மெக்கானிக் செய்தித்தாளைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தாள். தேன்டப்பா சமையலறையிலிருந்து அண்டாவை இரு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்தார். ஹப்பை நெருங்கி, அண்டாவைத் தலைகீழாகத் திருப்பினார்.

"மெதுவா வைம்மா" என்றது உத்தரம். "பெட்டி மேல கீறல் விழுந்துடப் போகுது."

அண்டா கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, தெருவே கேட்கும்படி உருண்டு, மெக்கானிக்கின் காலடியில் போய் நின்றது. தேன்டப்பா உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

மகள் எல்லாவற்றையும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, விசாரணை அறிக்கை வாசிப்பது போல வாசித்தாள். கேமராவுக்கு முன்னால் யார் நடந்தாலும் உடனே சின்னதாக ஒரு படம் பிடித்து அனுப்பிவிடுமாம். ஒவ்வொரு முறை தொடர்பு அறுந்ததற்கு முன்பும் கடைசியாக வந்த படம் ஒன்றேதான்: அம்மா அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஹாலைக் கடக்கிறாள். முதல் தடவை ஏதோ பாத்திரம் இடம் மாற்றுகிறாள் என்று நினைத்தாளாம். அடுத்த தடவை அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எல்லாப் படங்களையும் வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கிறாளாம். ஆபீசில் மனசு சரியில்லாதபோது போட்டுப் பார்ப்பாளாம்.

"அப்ப ஏன்டி சொல்லல?" என்றார் தேன்டப்பா.

"ஒரு நாள் அண்டா சரியா உக்காரல. ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு இருந்திருக்கும். கொஞ்ச நேரம் படம் வந்துச்சு. நீ ஏணி மேல நின்னு பாடிக்கிட்டே அடிச்சுட்டு இருந்த. அவங்க கீழ ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு இருந்தாங்க. அப்பா போனப்புறம் நீ பாடி நான் கேட்டதே இல்லம்மா. நான் போனை மூடிட்டேன்."

மெக்கானிக் எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். மகள் அவளை முடிக்க விடவில்லை.

"கறுப்பு வெள்ளைன்னு நீங்க அன்னைக்குச் சொன்னதை ரெண்டு தடவை யோசிச்சுப் பாத்தேன். அதுல ஒரு பொய் கூட இல்ல. அந்த ஏணிக்கு மட்டும் ஒரு கால்ல ரப்பர் இருக்காது, பாத்தீங்களா?"

"அன்னைக்கே மாத்திட்டேன் மேடம்."

"அது போதும். இப்ப கலரைத் திருப்பி விடுங்க. வீட்டைப் பாக்கணும்."

கறுப்பு வெள்ளை போய் நிறம் வந்தது. மகள் ஹாலின் மஞ்சளைப் பார்த்தாள். சமையலறையின் பச்சைக்கு மாறினாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை மருத்துவமனைத் திரைச்சீலை போல இருக்கிறது என்று கடைசியில் சொன்னாள் மகள். தேன்டப்பாவுக்கு வந்ததே கோபம். முப்பது வருஷம் அதைப் பார்த்தவள் நான், அது இந்தப் பச்சையே இல்லை என்று ஆரம்பித்து, திரைச்சீலையின் பச்சைக்கும் கிளியின் பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தை விலாவாரியாக விளக்கினார். மகள் விடவில்லை. அரை மணி நேரம் அம்மாவும் பெண்ணும் பேசினார்கள். அதில் ஒரு முறைகூட ஏறாதே, குனியாதே என்ற பேச்சு வரவில்லை. மெக்கானிக் அண்டாவை எடுத்து, விழுந்த இடத்தில் நெளிந்திருந்ததை உள்ளிருந்து தட்டிச் சரிசெய்து சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் வெளிநாட்டுப் பார்சல் ஒன்று வந்தது. பிரித்தால் தலைக்கவசம், கண்ணாடி, வழுக்காத காலணி, இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டை. இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று. ஹால் உத்தரத்துக்கு வெள்ளை அடித்த நாளில், கட்டட வேலைக்கு வந்த இஞ்சினீயர்களைப் போல இருவரும் நின்றிருந்தார்கள். இடது மூலையில் விட்டுப்போச்சு, அங்கே ரெண்டாவது கோட்டிங் வேண்டும் என்று மேலிருந்து மகள் வேலை வாங்கினாள். முன்பு எச்சரிக்கை மட்டும் சொன்ன குரல் இப்போது ரசனையும் சொல்ல ஆரம்பித்ததில் தேன்டப்பாவுக்கு வேறு விதமான தலைவலி. அண்டாவே தேவலை என்று மெக்கானிக்கின் காதில் முணுமுணுத்தார். கேட்டுச்சு என்றது உத்தரம்.

இப்போது அந்த வீட்டில் நீல விளக்கு நிலையாக எரிகிறது. விடுமுறையில் மகள் வந்தாள், தன் அறையைத் தானே அடித்தாள், என்ன நிறம் என்பதில் மூன்று பேருக்கும் சண்டை நடந்து, கடைசியில் யாருக்கும் பிடிக்காத ஓர் ஆரஞ்சில் முடிந்தது. மெக்கானிக் நம்பிக்கையோடு வாங்கிவைத்திருந்த கத்தரிப்பூ நிறம் டப்பா டப்பாவாக மிச்சமிருந்தது. அதை வீணாக்க வேண்டாமென்று தேன்டப்பா தலைக்கவசத்தோடு மெக்கானிக்கின் வீட்டுக்குப் போய், வாசலிலிருந்து சமையலறை வரை அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். லாரி ஓட்டப் போயிருந்த புருஷன் திரும்பி வந்து, கதவைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்த்து, மன்னிக்கணும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டாராம். மெக்கானிக் ஓடிப்போய்க் கூட்டி வர வேண்டியிருந்தது.